நல்ல கண்ணாடி, பொல்லாத வளையம்: என் 8×42 பைனாகுலர்

மார்க்கம் நகரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீர் வச்சிருக்கிற பைனாகுலர் நல்லாய் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டோ?" திருத்தக் கொடுத்த என்னுடையது திரும்பி வந்ததும் அதே வாரம்தான். அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே வரும். கொம்பனி பெயர் எழுதவில்லை. நடுத்தர விலை 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மில்லிமீற்றர் அகலம். அவ்வளவு போதும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பென்சன் எடுத்துக்கொண்டு கனடாவின் ஸ்காபரோவில் மகள் வீட்டுக்கு வந்த முதல் விண்டர் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால், ஹீற்றர் இரைகிற சத்தம் மட்டும்தான். மருமகன் இந்தப் பைனாகுலரை வாங்கித் தந்தார். கார்டினல் என்ற குருவி இங்கே குளிருக்கும் ஊரைவிட்டுப் போவதில்லை. இலை ஒன்றும் இல்லாத மரத்தில், செக்கச் சிவந்த ஆண் குருவி சூரியகாந்தி விதையைச் சொண்டுக்குள் உருட்டி உருட்டி உடைத்துக் கோதைத் துப்புவதைக் குசினி யன்னலால் பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்த நாட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று பட்டது.

அப்புறம் வெளியே இறங்கினேன். பிரிம்லி வீதி தெற்கே போய் ஏரியில் முடிகிற இடம் பிளஃபர்ஸ் பார்க். மேலே 90 மீற்றர் வரை உயர்ந்து நிற்கும் மண் பாறைகள், கீழே ஒன்ராறியோ ஏரி. குளிர்காலத்தில் ட்ரம்பெட்டர் அன்னங்கள் இங்கே வந்து தங்கும். வேட்டையாடி வேட்டையாடி, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த இனமே இல்லாமல் போயிருந்தது. ஹாரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் 1982இல் தொடங்கிய முயற்சியால்தான் மறுபடி வந்தன. சிலவற்றின் இறக்கையில் மஞ்சள் அட்டை இருக்கும், அதில் கறுப்பு எழுத்தும் எண்ணும். அதை வாசித்து அறிவித்தால் அந்தப் பறவையைப் பின்தொடர்பவர்களுக்கு உதவி. போன வருடம் கண்ட அதே எண்ணை இந்த வருடமும் காணும்போது, ஊரில் பழைய மாணவன் ஒருவனைச் சந்தையில் கண்ட சந்தோஷம்.

கண்ணாடியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வெளிச்சம், நிறம், விளிம்பு எல்லாம் வடிவாகத் தெரியும். கோடையில் பாலத்தின் கீழ் கூடு கட்டும் தகைவிலானின் தொண்டைச் செம்மையும் பிளந்த வாலும் இதில்தான் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டேன். மாரியில் யாழ்ப்பாணத்துக் கம்பிகளில் வரிசையாகக் குந்தியிருக்கும் அதே இனம். இங்கே கூடு கட்டுபவை குளிருக்குத் தென் அமெரிக்கப் பக்கம் போகும், நம் ஊருக்கு வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை. இதைத் தெரிந்துகொண்ட நாள் முழுக்க எனக்கு மனம் நிறைந்திருந்தது.

இனி வளையம். வலது கண் குழலைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதல்லவா, இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்ய? இடக்கண்ணால் நடுச் சில்லைத் திருகித் தெளிவாக்கிவிட்டு, பிறகு வலக்கண்ணுக்கு இந்த வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒருமுறை வைத்தால் அப்படியே இருக்க வேண்டியது அது. என்னுடையதில் இருக்காது. ஜக்கெற்றுக்குள்ளிருந்து இழுத்தால் திரும்பும், கையுறை பட்டால் திரும்பும், கழுத்துப் பட்டி உரசினாலும் திரும்பும். வெள்ளைப் புள்ளி கழித்தல் குறிப் பக்கம் இரண்டு கோடு தள்ளி நிற்க வேண்டும். பார்த்தால் கூட்டல் பக்கம் போய் நிற்கும். கண்புரை ஒப்பரேஷனுக்குப் பிறகு என் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் கூட, அதனால் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். அன்னம் இறக்கையைத் தூக்கும், அட்டை தெரியும், எண் 3ஆ 8ஆ என்று பிடிபடாது. நான் வளையத்தைத் தேடிப் பிடித்துத் திருப்புவதற்குள் இறக்கை மடிந்துவிடும். மனம் அமைதியாக இருக்கட்டும் என்று குளிரில் வந்து நிற்கிற மனிதனுக்கு இப்படி எரிச்சல் மூட்டுகிற சாமானை என்னவென்று சொல்வது?

கறுப்பு டேப் ஒட்டினேன். குளிரில் கழன்றது, பசை மட்டும் மிஞ்சியது. உத்தரவாதம் இருக்கிறதே என்று திருத்த அனுப்பினேன். வில்லைகளைப் பளிச்சென்று துடைத்து அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு நன்றி. வளையம் 'வழமையான இறுக்கத்தில்' இருப்பதாக ஒரு கடதாசியும் வந்தது. முதல் நாளே திரும்பிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வாங்குகிற சாமானில் சின்னப் பூட்டு ஒன்று வைக்க முடியாதா? மற்றச் சிலர் வைக்கிறார்களே!

எங்கள் வயதுக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 42 மில்லிமீற்றரை எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீற்றர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான். வயது போகப் போகக் கண்பாவை அவ்வளவு விரிவதில்லை. பகலில் பார்க்க 8×32 தருகிற நான்கு மில்லிமீற்றர் தாராளம். கழுத்துக்கும் பாரம் குறையும்.

என்னுடையதை யாரும் கேட்டால் கொடுக்க மாட்டேன். ஆனால் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். பூட்டு வைத்த வளையம் உள்ள 8×32 ஒன்றைக் கடையில் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியோடு பார்த்து, கையுறை போட்ட விரலால் வளையத்தைத் தள்ளிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டும் காசைக் கொடும்.