பாளையங்கோட்டை கவுன்சலிங் கிளினிக், என் அனுபவம்
அக்கா மவன் பத்தாங்கிளாஸ், ரெண்டு தடவ பக்கத்து வீட்டு பைக்க எடுத்துட்டு வண்ணாரப்பேட்ட வர போயிட்டான், ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்த மறுநாளே இங்கன கூட்டிட்டு வந்தோம். டோக்கன் 10 மணிக்கு, உள்ள விட்டது 12.40, அதுக்குள்ள பய வாட்டர் கேன் குழாய திருகித் திருகி தரையெல்லாம் தண்ணி, ரிசப்ஷன் பொண்ணு மொறைச்ச மொறைப்பு இருக்கே!

ஆனா டாக்டரு அவசரப்படாம பேசுதாரு. ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு எடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்க கோளாறு, அது இருந்தா திருடனாயிருவான்னு அர்த்தம் இல்லம்மா, யோசிக்கதுக்கு முன்னாடி கை போயிருது, அதோட சேக்காளி, குடின்னு சேந்தாதான் வம்பும்னாரு. ஸ்வீடன்ல ஏடிஎச்டி உள்ள 25,000 பேருக்கு மேல வச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சாம், அதுக்கான மாத்திர எடுத்த காலத்துல ஆம்பளைங்க குற்றம் 32%, பொம்பளைங்க 41% கம்மியாம், வீட்ல வந்து தேடிப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு, ஆனா மாத்திரதான் காரணம்னு அதுலயே அடிச்சுச் சொல்லல.

கேள்வி ஃபார்ம் பூரா இங்கிலீஷு, அக்கா முழிச்சா, நாந்தான் வாசிச்சு சொன்னேன், தமிழ்ல ஒண்ணு அடிச்சு வைக்கக் கூடாதா? அதுக்கே ஒரு ஸ்டார் கட்.

பார்க்கிங் கெடையாது, ரோட்லதான் விடணும். சாவிய மட்டும் நான் கையிலயே வச்சுக்கிட்டேன்.