மாரியில் கண்ணாடி துடைக்க எது நல்லது: கை வைப்பரா, நீட்டுத்தடியா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இப்போது எங்கு பார்த்தாலும் கண்ணாடி முகப்புத்தான். வங்கி, மருந்தகம், நகைக்கடை, போன் கடை எல்லாம் தரையிலிருந்தே கண்ணாடி. அதைத் துடைப்பதை ஒரு தொழிலாகச் செய்யலாமா என்று பரந்தனிலிருந்து ஒரு தம்பியும் முரசுமோட்டையிலிருந்து ஒரு தம்பியும் என்னிடம் கேட்டார்கள். செய்யலாம் என்றேன். இரண்டு பேரும் அடுத்ததாகக் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணை, வெளிநாட்டில பாவிக்கிற அந்த நீட்டுத்தடியை எடுப்பிக்கட்டோ?”

இங்கிலாந்தில் ஆறு குளிர்காலம் இந்த வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். வைப்பர், தடி இரண்டுமே எனக்குச் சோறு போட்டவை. ஆனாலும் வன்னியில் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது கை வைப்பர்தான். இதை வெறுமனே சொல்லிவிட்டுப் போக மனமில்லை. தடி ஒன்றை அங்கிருந்து எடுப்பிக்கிற காசு இங்கே ஒரு குடும்பத்துக்குப் பெரிய காசு.

கை வைப்பர் எல்லோருக்கும் தெரியும். சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த துணிக்கட்டையால் கண்ணாடியைத் தேய்த்து, ரப்பர் பட்டியால் மேலிருந்து கீழாக இழுத்து, ஓரத்தைத் துணியால் ஒற்றுவது. நீட்டுத்தடி வேறு கதை. நுனியில் தூரிகை, கூடவே ஓடும் குழாய், கீழே தாங்கியும் மோட்டரும். வடிகட்டி உப்பெல்லாம் எடுத்த தண்ணீரை மேலே அனுப்பித் தேய்த்து அலசிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். தண்ணீரில் எதுவும் கரைந்திருக்காதபடியால் காயும்போது புள்ளி விழாது. துடைக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் தடி வென்றதற்குக் காரணம் உண்டு. உயரத்தில் வேலை செய்வது பற்றிய சட்டவிதிகள் 2005இல் வந்த பிறகு ஏணியை விட்டவர்கள் பலர். குளிரும் ஒரு காரணம். சுழியத்துக்குக் கீழே போன காலையில் கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் வைப்பர் வருவதற்குள் மெல்லிய பனித்தோல் படிந்துவிடும். வாளிக்குள் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றுவோம். ரப்பர் விறைத்துக் கோடு விடும் என்று மென்மையான ரப்பருக்கு மாறுவோம். அப்போதும் விரல் நுனி வெள்ளையாகிப் பிறகு இரத்தம் திரும்பும்போது வரும் நோவு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்தான் அறிவார். தடி பிடித்தால் கால் நிலத்தில், கை ஓரளவு காய்ந்தபடி.

ஆனால் அதே குளிர் தடியையும் விடாது. இரவில் வேலை வாகனத்துக்குள் சூடு வைக்காவிட்டால் குழாயும் மோட்டரும் உறைந்துவிடும். தண்ணீரில் உப்பை எடுக்கிற ஆர்ஓ வடிகட்டி உறைந்தால் பெரும்பாலும் அதோடு சரி. நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு லீற்றர் என்று வழிகிற தண்ணீர் நடைபாதையில் கண்ணாடிபோல் உறையும். ஒருநாள் நான் அலசிவிட்டுக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா அதில் சறுக்கினார். கையைப் பிடித்துவிட்டேன், விழவில்லை. அன்று முழுக்க என் கை நடுங்கியது குளிரால் மட்டும் அல்ல. அதற்குப் பிறகு உப்பு வாளி இல்லாமல் நான் வேலைக்குப் போனதில்லை.

இங்கே எதுவும் உறையப் போவதில்லை. மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதற்காக வன்னிக் குளிரைச் சின்னதாக நினைக்கவும் முடியாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் எங்கள் பக்கம் மாடுகளும் ஆடுகளும் விறைத்து விழுந்ததைப் பார்த்தோம். நனைந்த உடம்பில் வாடைக்காற்று அடித்தால் வெப்பமானி என்ன சொன்னாலும் குளிர் குளிர்தான். ஆனால் அது தடியோ வைப்பரோ தீர்க்கிற குளிர் இல்லை. அதற்கு மழைக்கோட்டு, மாற்றுச் சேட்டு, தேத்தண்ணி. கை காய்ந்திருக்கும் என்ற தடியின் பெரிய இலாபம் இங்கே பாதிக்கு மேல் போய்விடுகிறது.

மற்ற இலாபத்தைத் தண்ணீர் தின்றுவிடும். எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கிற மீற்றரை வைத்துப் பார்த்தேன், 600ஐத் தாண்டிக் காட்டியது. புள்ளி விழாமல் காய வேண்டுமென்றால் 10க்குள் வர வேண்டும். அந்தத் தண்ணீரைத் தடியில் ஏற்றினால் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்புப் பொட்டுத்தான். சிறுநீரக நோய்க்குப் பயந்து வவுனியாப் பக்கம் ஊர் ஊராக ஆர்ஓ நிலையங்கள் வந்துவிட்டன, அந்தத் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் குடிக்கிற தண்ணீரைச் சுவரில் ஊற்ற எனக்கு மனம் வராது. மீதி உப்பை எடுக்கிற பிசின் குப்பியை நான் கிளிநொச்சிக் கடை ஒன்றிலும் காணவில்லை.

மாரி நமக்குத் தருவது மழைத் தண்ணீர். முதல் இரண்டு மழையில் ஓட்டுத் தூசி போகட்டும், பிறகு பீலியில் விழுவதைப் பரலில் பிடித்து மூடி வைக்கலாம். என் மீற்றரில் அது 10க்குள் வந்தது. கை வைப்பர் வேலைக்கு ஒரு கடைக்கு அரை வாளி போதும். தடிக்கு ஒரு பரல் ஒரு காலையிலேயே முடிந்துவிடும். கணக்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது கரண்ட் கம்பி. கடைத்தெருவில் கடைகளுக்கு முன்னாலேயே மின்கம்பி போகிறது. காபன் தடி மின்சாரம் கடத்தும், ஈரத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு கம்பி மேலே தெரிந்தாலும் அந்த இடத்தில் தடியை நிமிர்த்தாதீர்கள். அலுமினிய ஏணிக்கும் இதே பயம் வேண்டும். டைல்ஸ் போட்ட வாசலில் மழை ஈரத்தில் ஏணியின் கால் வழுக்கும், கீழே ஒருவர் பிடிக்காமல் ஏறக் கூடாது.

அழுக்கும் வேறு. அங்கே புகையும் பறவை எச்சமும். இங்கே மாரியில் வாகனம் அடித்துவிட்ட செம்மண் முழங்கால் உயரத்துக்கு, அதற்கு மேலே விளக்குக்கு வந்து ஒட்டிய ஈசல் சிறகு. மண்ணை முதலில் தண்ணீர் ஊற்றி இறக்குங்கள். காய்ந்த மண்மேல் துணியைத் தேய்த்தால் மணல் கீறிவிடும், கீறல் போகாது. சிறகைச் சவர்க்காரத்தில் ஊறவிட்டு, கிட்ட நின்று கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தூரத் தூரிகை அதைக் கண்ணாடி நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

வங்கிக் கண்ணாடிக்கு இன்னொரு சங்கதி. அங்கே குளிர்காலத்தில் உள்பக்கம் வியர்க்கும். இங்கே ஏசி ஓடத் தொடங்கினால் ஈரக்காற்று பட்டு வெளிப்பக்கம் வியர்க்கும். ஆகவே திறப்பதற்கு முன்னரே முடித்துவிட வேண்டும். தடியால் அலசி விட்டால் இந்தக் காற்றில் காயவே காயாது, அதற்குள் தூசி ஒட்டிவிடும். மாரியில் சவர்க்காரத் தண்ணீர் உடனே காயாததால் வைப்பர் வேலை சித்திரை வெயிலைவிட நிதானமாக நடக்கும்.

பழைய பேப்பரும் வினாகிரியும் வீட்டு யன்னலுக்குச் சரி. பத்தடிக் கண்ணாடிக்குக் கை ஓய்ந்துவிடும்.

தடி வெல்லும் இடம் இங்கும் உண்டு: கம்பி இல்லாத வளவுக்குள் நிற்கிற இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்கள். ஏணியில் ஏறி உயிரைப் பணயம் வைப்பதைவிடத் தடி எவ்வளவோ மேல். அப்படி மூன்று நான்கு இடம் மாதாமாதம் கையில் வந்த பிறகு வாங்கட்டும்.

பரந்தன் தம்பிக்கு என்னிடம் இருந்த 14 அங்குல வைப்பரையும் இரண்டு ரப்பர் பட்டியையும் கொடுத்திருக்கிறேன். பட்டியின் ஒரு விளிம்பு தேய்ந்தால் திருப்பிப் போடலாம், அதையும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஒரு மருந்தகத்தில் தொடங்குகிறான். மழைத் தண்ணீர்ப் பரல் அவன் வீட்டில் ஏற்கெனவே நிறைந்திருக்கிறதாம்.