கென்னட் கரையில் குளிர்காலத் தூண்டில்: ஆறு, கால்வாய், ஏரி குறித்த நீண்டகால அனுபவம்

இங்கிலாந்தின் தென்பகுதியில், கென்னட் ஆறு தேம்ஸ் ஆற்றில் வந்து கலக்கும் ரெடிங் நகரத்தை ஒட்டி வசிக்கும் எனக்கு, நவம்பர் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரையிலான மாதங்களே தூண்டிலுக்கு மிகவும் உகந்தவை. கோடையில் படகுகளும் நீச்சல்காரர்களும் நிறைந்திருக்கும் கரைகள் இந்த மாதங்களில் ஆள் அரவமின்றிக் கிடக்கின்றன. செடிகொடிகள் பட்டுப்போவதால் மீன்கள் ஆங்காங்கே சிதறாமல் கூட்டமாக ஒதுங்குகின்றன. இந்த வட்டாரத்தில் ஆறு, கால்வாய், சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் உருவான ஏரிகள் என மூன்று வகை நீர்நிலைகளும் அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. பல குளிர்காலங்களை இவற்றின் கரையில் கழித்த பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: எந்த நாளுக்கு எந்த நீர் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்துவிடுகிறது, தூண்டில், தக்கை, இரை பற்றிய கவலையெல்லாம் அதற்குப் பின்னரே.

முதலில் சட்டம். சால்மன், டிரவுட் ஆகியவை நீங்கலாக உள்ள நன்னீர் மீன்களை இங்கே கோர்ஸ் மீன்கள் என்று அழைக்கிறார்கள். இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய எவரும் இவற்றைத் தூண்டிலிட்டுப் பிடிக்க அரசின் உரிமம் வைத்திருக்க வேண்டும்; 13 முதல் 16 வயது வரையிலானவர்களுக்கு அது இலவசம். உரிமம் மட்டும் போதாது. கரை யாருக்குச் சொந்தமோ அவரது அல்லது அதைக் குத்தகைக்கு எடுத்த சங்கத்தின் அனுமதிச் சீட்டும் தேவை. இனப்பெருக்கக் காலத்தைக் காப்பதற்காக மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கோர்ஸ் மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. பெரும்பாலான ஏரிகளுக்கு 1995 முதலும் கால்வாய்களுக்கு 2000 முதலும் இந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. ஆக, ஆற்றை நம்பியிருப்பவருக்குக் குளிர்காலம் என்பது மார்ச் 14 அன்று முடியும் பருவத்தின் கடைசிப் பகுதி. அந்த நாள் நெருங்க நெருங்க ஒவ்வொரு வாரஇறுதியின் மதிப்பும் கூடிக்கொண்டே போகிறது.

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவதால், நீர் குளிரக் குளிர அதன் செரிமானமும் பசியும் மட்டுப்படுகின்றன. இங்குள்ள மீன் வகைகளில் டென்ச் ஏறக்குறைய முழுதாக ஒடுங்கிவிடும், கார்ப் மந்தமாகிவிடும், பார்பல் நீர் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மிதமான நாள்களில் மட்டும் இரை தேடும். ரோச், டேஸ், சப், பெர்ச், பிற மீன்களை வேட்டையாடும் பைக் ஆகியவையோ கடுங்குளிரிலும் ஓரளவு உண்டுகொண்டே இருக்கும். இதில் நான் முக்கியமாகக் கவனிப்பது, நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டிலும் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதை. நான்கைந்து நாள்கள் தொடர்ந்து 5 டிகிரியில் இருக்கும் நீரில் மீன் பழகிக்கொண்டு கடிக்கும். ஒரே இரவில் 9 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு விழுந்த நீரில், எண்ணைப் பார்த்தால் அது அதிகமாகவே இருந்தாலும், பெரும்பாலும் தக்கை அசைவதில்லை. பனி உருகி, உறையாதிருக்கச் சாலையில் தூவிய உப்போடு சேர்ந்து ஆற்றில் இறங்கும் நாள்கள்தான் மிக மோசமானவை. கயிற்றில் கட்டி நீரில் இறக்கும் சிறிய வெப்பமானி ஒன்று என் பையில் எப்போதும் உண்டு. நான் வாங்கியவற்றிலேயே விலை குறைவானதும் அதிகம் பயன்பட்டதும் அதுவே.

கென்னட் ஆற்றின் சிறப்பு அதன் பிறப்பிடத்தில் இருக்கிறது. மார்ல்பரோ பக்கத்துச் சுண்ணப் பாறை நிலத்தில் மழைநீர் ஊறி ஊற்றாக வெளிவரும்போது, கோடையானாலும் குளிர்காலமானாலும் அதன் வெப்பம் சுமார் 10 டிகிரி அளவிலேயே இருக்கிறது. ஆறு கீழே இறங்க இறங்க அந்தக் கதகதப்பு குறைந்துவிடும் என்றாலும், உறைபனி விழுந்த காலையில் தேம்ஸ் நீரையும் கென்னட் நீரையும் அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதனால் கடுங்குளிர் நாள்களில் என் முதல் தேர்வு கென்னட்தான். நியூபரி நகருக்குக் கீழே ஆறும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயும் மாறி மாறிச் சேர்வதும் பிரிவதுமாக ஓடுகின்றன. கால்வாய் நீர் கலக்கும் பகுதிகளில் ஆறு சற்றுக் கலங்கியிருக்கும். அப்படி லேசாக நிறம் ஏறிய நீரில் ரோச் மீன்கள் பயமின்றி உண்ணும்.

அங்கே நான் விரும்பிச் செய்வது ஓட்டத்தோடு தக்கையை மிதக்கவிடும் முறை. 13 அடிக் கோல், விரலால் கட்டுப்படுத்தும் சென்டர்பின் ரீல், மெல்லிய தூண்டில் நரம்பு, 18 அல்லது 20 எண் கொண்ட மிகச் சிறிய தூண்டில் முள், அதில் ஒற்றை ஈப்புழு. ஒவ்வொரு முறை தக்கையை விடும்போதும் பத்துப் பன்னிரண்டு புழுக்களை ஓட்டத்தின் மேற்பக்கத்தில் தூவ வேண்டும். கோடையில் கைநிறைய வீசுவது போல வீசினால் மீன்கள் சீக்கிரமே வயிறு நிறைந்து ஒதுங்கிவிடும். தக்கையை லேசாகப் பிடித்து நிறுத்தும்போது முள் தக்கைக்கு முன்னால் மேலெழும். டேஸ் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் கொத்தும். கைவிரல் விறைத்திருந்தால் அந்தக் கொத்தைத் தவறவிடுவோம் என்பதால், குளிர்காலத்தில் கையைக் கதகதப்பாக வைத்திருப்பதும் திறமையின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

சப் மீனுக்கு வேறு அணுகுமுறை. நீரில் சாய்ந்த மரக்கிளையில் குப்பையும் நாணலும் சேர்ந்து மிதக்கும் இடங்களே அவற்றின் புகலிடம். பாலாடைக்கட்டியையும் ரொட்டியையும் பிசைந்த மாவை முள்ளில் அப்பி, ஒன்றிரண்டு ஈயமற்ற எடைக்குண்டுகளோடு அந்தக் குப்பை மிதவையின் ஓரத்துக்கு உருளவிடுவேன். (நடுத்தர எடையுள்ள ஈயக்குண்டுகளை அன்னங்கள் விழுங்கி இறந்ததால், 1987 முதல் அவற்றுக்குத் தடை இருக்கிறது.) குளிர்ந்த நீரில் பாலாடைக்கட்டி கல்லாக இறுகிவிடும்; எனவே வீட்டில் பிசையும்போதே கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, விரலில் ஒட்டும் அளவுக்கு இளக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். கோலின் நுனி முதலில் ஒரு நூலளவு துடிக்கும். அப்போது அசையக் கூடாது. சில விநாடிகளில் நுனி நிதானமாக வளைந்து, நரம்பு இறுகிக்கொண்டே போகும். அப்போது கோலை உயர்த்தினால் நாலு பவுண்டு எடையுள்ள மீன் மரவேரை நோக்கிப் பாய்வது தோள்வரை தெரியும். ஓரிடத்தில் ஒரு மீன், அதிகம் போனால் இரண்டு. பிறகு அடுத்த இடத்துக்கு நடந்துவிட வேண்டும். அந்த நடையே உடலைச் சூடாக வைத்திருக்கிறது.

தேம்ஸ் குளிர்காலத்தில் பாதி நாள்கள் பெருக்கெடுத்து ஓடும். நீரோட்டம் ஆபத்தான அளவுக்கு வலுத்தால் படகுகளை ஏற்றி இறக்கும் அணைப்பூட்டுகளில் (லாக்) சிவப்புப் பலகை வைத்துப் படகுகளை எச்சரிப்பார்கள். தூண்டில்காரருக்கும் அது நல்ல குறிப்புதான். நீர் ஏறும்போது போவதில் பயனில்லை. உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகு, தென்மேற்குக் காற்று வீசும் மிதமான நாளாகவும் அமைந்துவிட்டால், கரையோரத்துத் தேக்கங்களில் ரோச்சும் பிரீமும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஆற்று மட்டத்தை அவ்வப்போது புதுப்பித்து அரசு இணையத்தில் வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. வெள்ளம் வழிந்த கரையில் விளிம்பு எது, பள்ளம் எது என்று தெரியாது என்பதால், அத்தகைய நாளில் தனியாகப் போவதை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறு இரண்டும் பழுப்பாகப் புரண்டு ஓடும் வாரங்களில் கைகொடுப்பது கால்வாய். ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல் நீளும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய், பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்து, தன்னார்வலர்களின் நீண்ட உழைப்புக்குப் பின் 1990இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஹங்கர்ஃபோர்டு ஊருக்கு மேற்கே நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். குளிர்காலத்தில் படகுப் போக்குவரத்து குறைந்து சேறு அடியில் படிந்துவிடுவதால் நீர் கண்ணாடியாகத் தெளிந்துவிடுகிறது. அதுவே தூண்டில்காரருக்குச் சிக்கல். வெளிச்சம் இருக்கும்வரை மீன்கள் நிறுத்திவைத்த படகுகளின் அடியில் பதுங்கியிருக்கும். டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நாலு மணிக்குச் சூரியன் மறைகிறது. ஆகவே காலையில் அவசரப்பட்டுப் போக வேண்டியதில்லை. நான் மதியம் ஒரு மணிக்கு மேல் போய், கடைசி ஒன்றரை மணி நேரத்தை நம்பியே உட்காருவேன்.

கால்வாயில் ரொட்டியை மிஞ்சிய இரை இல்லை என்பது என் கணிப்பு. சாதாரண வெள்ளை ரொட்டித் துண்டின் விளிம்பை நீக்கி, மிக்சியில் அடித்துப் பஞ்சு போன்ற தூளாக்கி, எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை நடு ஆழத்தில் போட வேண்டும். பிறகு இன்னொரு ரொட்டித் துண்டில் சிறிய பித்தளைக் குழாயை அழுத்தினால் 5 மி.மீ. அகலமுள்ள வட்டம் வெட்டுப்படும். அதில் முள்ளைக் கோத்து எடுத்தால், முள்ளின் வளைவுப் பக்கம் இறுகியும் நுனிப் பக்கம் உப்பியும் நிற்கும். நீரில் அது ஊறி விரிந்து மெதுவாக இறங்குவதைத் தெளிந்த நீரில் கண்ணால் பார்க்கலாம். தக்கையின் முனை நீர்மட்டத்துக்கு மேல் கடுகளவே தெரியும்படி குண்டுகளைக் கோத்திருந்தால், ரோச் இரையை வாயில் எடுத்துச் சற்று மேலே எழும்போது அந்த முனை கூடுதலாக ஒரு கடுகளவு உயரும். அமிழ்வதை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் இந்தக் கடியை முழுவதுமாகத் தவறவிடுவார். கைக்குள் அடங்கும் வெள்ளிநிற ரோச், செந்துடுப்போடு, அந்தி வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக எத்தனை குளிரையும் நான் தாங்குவேன்.

கால்வாய் ஆழமற்றது என்பதால் முதலில் உறைவதும் அதுவே. அப்போது ஏரி. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நிற்பதால், ஆழமான சரளைப் பள்ளங்களில் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் வாழத் தகுந்த வெப்பம் எஞ்சியிருக்கிறது. ஓரம் மட்டும் உறைந்து நடுப்பகுதி திறந்திருக்கும் நாள்களில் பைக் மீனுக்காக இறந்த கடல்மீன் ஒன்றை, மத்தியோ கானாங்கெளுத்தித் துண்டோ, அடியில் கிடத்திக் காத்திருப்பேன். பைக்கின் பற்கள் நரம்பை அறுத்துவிடும் என்பதால் கம்பித் தொடுப்பு கட்டாயம். முள்ளைக் கழற்ற நீண்ட இடுக்கி, மீனைக் கிடத்த மெத்தைப் பாய், அகன்ற வலை ஆகிய மூன்றும் இல்லாதவர் பைக்குக்குத் தூண்டில் போடவே கூடாது என்பதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை. பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அது எளிதில் அடிபட்டுச் சாகும் மீன்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. உட்புறம் கம்பளி உறை உள்ள தடித்த பூட்ஸுக்குச் செலவிட்ட பணம் முழுவதும் பயன்பட்டிருக்கிறது; தரையில் உறைந்த குளிர் உள்ளங்காலிலிருந்தே ஏறுகிறது. விலை உயர்ந்த நீர்புகா உடுப்பு ஒன்று இரண்டாம் குளிர்காலத்திலேயே தையல்களில் கசியத் தொடங்கியது; விற்ற கடை உத்தரவாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. அதன்பின் மெல்லிய கம்பளி உடைகளை அடுக்கடுக்காக அணிந்து, மேலே சாதாரண மழைக்கோட்டு போட்டுக்கொள்கிறேன். இதுவே நன்றாக இருக்கிறது. நியோப்ரீன் கையுறை ஒருமுறை நனைந்தால் அன்றைக்கு உதவாது. விரல்நுனி திறந்த கம்பளிக் கையுறை நனைந்தாலும் சூட்டைக் காக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே கோலின் வளையங்களில் பனிக்கட்டி கோத்து நரம்பு நகராது. வளையங்களில் வாசலின் தடவினால் ஓரளவு தள்ளிப்போடலாம். குளிரில் ஈப்புழுக்களும் அசைவற்று விறைத்துவிடுவதால், ஒரு பிடியைச் சிறு டப்பாவில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளிலிருந்து 30 மீட்டர் தள்ளியே அமர வேண்டும். எலிகளின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆற்று நீரிலும் இருக்கக்கூடும் என்பதால், கை கழுவாமல் பிளாஸ்கைத் திறந்து சாப்பிட உட்காருவதும் சரியல்ல.

பிடித்த மீனை என்ன செய்கிறீர்கள் என்று ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் கேட்கிறார்கள். நீரிலேயே விட்டுவிடுகிறேன். ஆறுகளில் ஒரு நாளைக்கு 20 செ.மீ. வரையிலான சிறு மீன்கள் 15, 65 செ.மீ. வரையிலான பைக் ஒன்று என்பன போன்ற வரம்புக்குள் எடுத்துச்செல்லச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் பெரும்பாலான சங்கங்கள் ஒன்றைக்கூட எடுக்க அனுமதிப்பதில்லை. இந்த விதியை நான் மனமார ஏற்கிறேன். நாற்பது பேர் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் சிற்றோடைக் கரையில் சப் மீன் ஐந்து பவுண்டை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். விடுவதிலும் குளிர்காலத்துக்கென்று ஒரு கவனம் தேவை: உறைபனிக் காற்றில் செவுள் இழைகள் எளிதில் பாதிக்கப்படுவதால், கையை நனைத்துக்கொண்டு, வலையை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிட வேண்டும். படம் எடுப்பதைச் சில விநாடிகளில் முடித்துக்கொள்வது நல்லது.

நிறைய மீன் பிடிக்க விரும்புகிறவருக்கு இந்தப் பருவம் ஏமாற்றமே தரும். ஒரு கடியும் இல்லாமல் திரும்பும் நாள்கள் வரத்தான் செய்யும். நீரைப் படிக்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் டிசம்பரில் தொடங்காமல் பிப்ரவரி பிற்பாதிக்காகக் காத்திருப்பது நல்லது. அப்போது பகல் நீண்டிருக்கும், நீர் மெல்ல 7, 8 டிகிரியை நோக்கி ஏறும், முட்டையிடும் காலத்துக்கு முன்பான சப்பும் ரோச்சும் நல்ல எடையோடு இருக்கும். மார்ச் 14 வரை ஆற்றில் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். அதன்பின் கோலைக் கால்வாய்க்கு எடுத்துச் செல்லலாம்.