மண்டபத்தில் வீட்டுக்குள் ஒரு செங்கால் ஆமை: வருடம் தாண்டிய அனுபவம்

முதல் முறையாக நில ஆமை வளர்க்க என்னென்ன வாங்க வேண்டும் என்று தேடினால், பட்டியலில் முதலில் நிற்பது சூட்டு விளக்கு. அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்காக எழுதியவை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக ஆமை இருக்கிறது. வாங்கியதிலேயே அதிக நாள் சும்மா கிடந்தது அந்தச் சூட்டு விளக்குதான். நம் கடற்கரைக்குத் தேவையான ஏற்பாடு வேறு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஆமை என்றதும் பலருக்கு ஓட்டில் நட்சத்திரக் கோலம் போட்ட நம்மூர் ஆமைதான் நினைவுக்கு வரும். அதை வாங்கவோ வளர்க்கவோ கூடாது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலாமைக்கும் அதே பாதுகாப்புதான். தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்தில் வழிதவறிய குஞ்சு கண்ணில் பட்டால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், பரிதாபப்பட்டு வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு வராதீர்கள்.

எங்களிடம் இருப்பது ரெட்ஃபுட் என்று சொல்கிற செங்கால் ஆமை. தென் அமெரிக்கா அதன் பூர்வீகம். மதுரையில் சித்தப்பா மகன் வளர்த்தது, அவன் வெளிநாடு போவதால் எங்களிடம் வந்தது. இதுவும் சைட்டிஸ் என்ற, அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனம்தான். அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தாள் கைக்கு வந்த பிறகுதான் ஆமையைக் கூட்டி வந்தோம். பதிவு இல்லாமல் "சும்மா வெச்சுக்கங்க" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடைகளில் ஆசை காட்டும் சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க ஆமையும் வீட்டுக்குள் சரிப்படாது. 50 கிலோ தாண்டி வளரும், தரையைக் குடைந்து வளை தோண்டும். செங்கால் ஆமை வளர்ந்து முடித்தாலும் பொதுவாக ஓர் அடி, கொஞ்சம் கூட இருக்கலாம். ஈரக்காற்றும் அதற்குப் பிடிக்கும்.

அப்புறம் வீட்டாரின் சம்மதம். அப்பத்தாவுக்கு ஆமை என்றதுமே பழமொழிதான் முன்னால் நின்றது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாக, தெரிஞ்சே கொண்டு வர்றியா?" என்றார். "அது தானா வந்து புகுந்தாத்தான் அப்பத்தா, இதை நாமல்ல கூப்பிட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. 50 வருடம் வாழக்கூடிய உயிரை, வீட்டில் ஒருவர் முகம் சுளிக்கக் கொண்டு வருவது நியாயம் இல்லை. அவர் சரி என்ற பிறகுதான் தச்சரிடம் போனேன். இன்று காலையில் செம்பருத்திப் பூ பறித்துப் போடுவது அப்பத்தாதான். கழுத்தை முழுக்க நீட்டி, இதழின் ஓரத்தைக் கவ்வி, முன்னங்காலால் பூவை மிதித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுக்கும். ஒரு இதழ் கிழிந்து வரும், அதை நிதானமாக மென்ற பிறகுதான் அடுத்தது.

பெட்டிக்குக் கண்ணாடித் தொட்டி வேண்டாம். ஆமைக்குக் கண்ணாடி ஒரு தடுப்பு என்று புரியாது, நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். படகு வேலை செய்யும் தச்சர் ஒருவர் மரைன் பிளைவுட்டில் நாலடிக்கு இரண்டடி, மேலே திறந்த பெட்டி செய்து, உள்ளே படகுக்குப் போடுவதைப் போலவே ஃபைபர் பூசிக் கொடுத்தார். வாடை முழுக்கப் போகும்வரை வெயிலில் காய வைத்தோம். இன்றுவரை ஊறவும் இல்லை, பிரியவும் இல்லை. இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு அதிகத் திருப்தி தந்தது இந்தப் பெட்டிதான். கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன. இல்லாவிட்டால் இந்த ஊர் எறும்பு ஒரே ராத்திரியில் ஏறிவிடும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு. தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். ஜன்னல் வழியே வெயில் வருகிறதே என்று இருந்துவிடக் கூடாது, கண்ணாடி அந்தக் கதிரை விடாது. நான் போட்டிருப்பது 24 வாட் டி5 என்ற ஒல்லிக் குழல், யுவிபி 6 சதவீத வகை. முதுகு ஓட்டிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் தொங்குகிறது, பகலில் 12 மணி நேரம் எரிகிறது. விளக்கு நன்றாக எரிந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும் என்பதால், வருடம் ஆனதும் புதுக் குழல் மாற்றினேன். குறை என்றால் தாங்கிதான். உப்புக் காற்றில் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. மாதம் ஒரு முறை மின்சாரத்தை அணைத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள் முற்றத்தில் கொஞ்ச நேரம் விடுவதும் உண்டு, பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும். காக்கையும் நாயும் இருக்கின்றனவே.

சூட்டு விளக்கு மார்கழி, தை இரவுகளில் சில நாள் எரிந்தது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது சித்திரை, வைகாசிக்கு. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மாடி அறை 36 டிகிரி காட்டியது. அதனால் பெட்டியைக் கீழே வடக்குப் பார்த்த அறைக்கு மாற்றினோம். ஒளிந்துகொள்ள முதலில் வைத்தது பனையோலைக் கடகம். கவிழ்த்து வாசல் வெட்டினால் அழகாக இருந்தது, ஆனால் ஈரத்தில் பூசணம் பூத்துவிட்டது. இப்போது உடைந்த மண்பானையின் பாதி, மண்ணில் சாய்த்துப் புதைத்தது. மதியத்தில் பானைக்குள் கைவிட்டால் வெளியைவிடக் குளுமை நன்றாகத் தெரியும். கம்பி உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். முள் காட்டும் வட்ட மீட்டர் எங்களிடம் ஒரு நாளும் சரியாகக் காட்டவில்லை.

தரைக்குக் கடல் மணல் கூடாது. உப்பு ஒரு பக்கம், தீனியோடு வயிற்றுக்குள் போய் அடைப்பது இன்னொரு பக்கம். தென்னை நார்த்தூள் கட்டி நல்லது, ஆனால் அதிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் காவிரித் தண்ணீர் வரும்போது இதற்கென்று ஒரு குடம் ஒதுக்குகிறோம். குளிப்பாட்டுவதும் அதில்தான். ஈரம் குறைந்தால் ஓடு மேடு மேடாக வளர்ந்துவிடும். ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, இதற்குப் புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணம் என்று கண்டது. ஆடிக் காற்றில் அறை காயும்போது மட்டும் நான் தண்ணீர் தெளிப்பதைக் கூட்டுவேன்.

இந்தக் கடற்கரைக்கென்றே உள்ள வசதி கணவாய் ஓடு. சுண்ணாம்புச் சத்துக்கு வெளியே காசு கொடுத்து வாங்குவதை இங்கே கரையில் பொறுக்கலாம். நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, காயவைத்து ஒரு துண்டு போட்டால் வேண்டியபோது கடித்துக்கொள்ளும். தினசரித் தீனி செம்பருத்தி இலை, முருங்கை, மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. இந்த இனம் பழமும் தின்னும் என்பதால் இடையிடையே பப்பாளி, எப்போதாவது அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. அரளியும் எருக்கும் விஷம். இலை பறிக்கப் பிள்ளைகளை அனுப்பினால் இதை முதலில் சொல்லிக் கொடுங்கள். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

வைத்தியம்தான் இங்கே பெரிய குறை. அக்கம்பக்கத்தில் ஆடு மாடு பார்க்கும் மருத்துவர்கள் உண்டு, ஊர்வன பார்த்துப் பழகியவர் கிடைப்பது கடினம். எங்களுக்கு மதுரையில் ஒருவர் கிடைத்தார், ஆமை வருவதற்கு முன்பே அவரிடம் பேசி வைத்தேன். சமையலறைத் தராசில் எடை போட்டு மாதாமாதம் குறித்து வைப்பது அவர் சொன்ன பழக்கம். நோய் வந்தால் வெளியே தெரிவதற்கு முன்னால் எடையில்தான் தெரியும் என்றார். இதுவரை சீராக ஏறிக்கொண்டிருக்கிறது.

பெட்டி இப்போதே சின்னதாகிவிட்டது. ஆடிக் காற்று அடங்கியதும் முற்றத்து வேம்பு நிழலில் எட்டுக்கு நாலடி அடைப்பு கட்டப் போகிறோம், இரவில் மட்டும் உள்ளே. அதற்காக மூலையில் நின்ற அரளியை வேரோடு எடுத்தாயிற்று. அந்த இடத்தில் அப்பத்தா இன்னொரு செம்பருத்திக் கம்பு ஊன்றியிருக்கிறார்.