பங்குனிக் கரையோரப் பயணம்: சைக்கிளும் டென்டும் எப்படி உழைத்தன?

மாரி மழை ஓய்ந்து கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன் கிடைக்கும் பங்குனிதான் எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் சைக்கிள் ஓட நல்ல காலம். கடலும் அடங்கியிருக்கும். பல வருடமாக மட்டக்களப்பிலிருந்து உகந்தை வரை இதே சைக்கிள், இதே டென்டோடுதான் போய்வருகிறோம்.

கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று பொத்துவில் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏ4 வீதி தட்டையாகக் கிடப்பதால் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். அதற்குத் தெற்கே உகந்தைக்குப் போகும் வழியில் பாணமை தாண்டி கிரவல் பாதையில் ஏறினால்தான் டயரின் அருமை தெரியும். ஒல்லி டயர் மணலில் புதையும். இரண்டு இஞ்சி டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் சுகமாகப் போகலாம்.

சைக்கிளைத் தின்பது தூரமல்ல, உப்பு. கரையில் ஒரு இரவு நின்றாலே விடியும்போது செயினில் செம்மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். கிணற்றுத் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு எண்ணெய் விட வேண்டும். அப்புறம் மிச்ச எண்ணெயை வழித்துத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மணல் அதில் ஒட்டிப் பல்லெல்லாம் தேய்ந்துவிடும். இதைத் தவறாமல் செய்வதால் எங்கள் செயின் இன்னும் உழைக்கிறது.

டென்டின் துணிக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அதோடு வந்த கம்பி முளைகள் கடற்கரை மணலில் நிற்கவே நிற்காது, சின்னக் காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வரும். உரபேக்கைத் துண்டாக வெட்டி, அதில் மணலைக் கட்டி, கயிற்றை முடிந்து, முழங்கை ஆழத்தில் புதைத்துப் பாருங்கள். இரவு முழுக்க அசையாது. டென்ட் வாசலின் சிப்பில் (ஸிப்) உப்பு இறுகும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஃபைபர் கம்பிகள் பொருத்துமிடத்தில் சிலும்பாகப் பிரியத் தொடங்கிவிட்டன. புதிதாக வாங்குபவர்கள் அலுமினியக் கம்பி உள்ளதைப் பாருங்கள். வலைச்சுவர் அதிகம் இருப்பதும் முக்கியம், புழுக்கத்துக்கு அதுதான் மருந்து.

உகந்தையில் முருகன் கோயிலுக்குப் பக்கத்துப் பாறைமலையில் ஏறினால் ஒருபுறம் கடல், மறுபுறம் காடு. அதிகாலையில் ஏறுங்கள், வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். டென்ட் அடிப்பதற்குக் கோயில் ஆட்களிடம் கேட்டுக்கொள்வதே மரியாதை, பாதுகாப்பும் கூட. அதற்கப்பால் குமண தேசியப் பூங்கா. அதற்குள் சைக்கிளில் போக முடியாது. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் நடந்து போகும் அடியார்களுக்குத்தான் அந்த வழி திறக்கும்.

யானை விஷயத்தில் விளையாட வேண்டாம். கோமாரி - பொத்துவில் பக்கமும் பாணமைக்கு அப்பாலும் பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளில் இருக்கக் கூடாது. சாப்பாட்டை டென்டுக்குள் வைத்துக்கொண்டு படுக்கவும் கூடாது. குடிதண்ணீரைப் பாணமையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கடையை நம்பிப் போக முடியாது.