ரஞ்சி பேச ஒரு டீக்கடை: பழையபேட்டை, கிருஷ்ணகிரி

ஐபிஎல் பேசணும் என்றால் எந்த டீக்கடைக்கும் போகலாம். மாநில அணிகள் மோதுகிற ரஞ்சி டிராபி பேச, அதுவும் எந்த குரூப் கஷ்டமான குரூப், யார் சும்மா புள்ளி வாங்கி மேலே வந்தவர்கள் என்று ஒரு மணி நேரம் நின்று பேச, எனக்குத் தெரிந்து கிருஷ்ணகிரியில் ஒரே கடைதான். பழையபேட்டையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கரும்பலகை டீக்கடை என்று கேட்டால் காட்டுவார்கள்.

முதலில் டீ. பதினைந்து ரூபாய். துணி வடிகட்டியில் இறக்கிய கெட்டி டிகாஷன், பால் தண்ணியாக இருக்காது, சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவார், வேண்டாம் என்றால் முன்னாடியே சொல்லிவிடணும். தட்டை மாதிரியான நிப்பட்டு வீட்டிலேயே போடுகிறார்கள். வேர்க்கடலை முழுசு முழுசாகப் பல்லில் படும், எள் வாசனை வரும், காரம் மெதுவாக ஏறும். மழை நாளில் மட்டும் வாங்காதீர்கள், தகர டப்பா மூடி சரியாக உட்காராததால் நமுத்துப்போகிறது. இதை அவரிடமே இரண்டு முறை சொல்லியாச்சு, டப்பா இன்னும் மாறவில்லை.

சரி, கரும்பலகைக்கு வருகிறேன். ரஞ்சி சீசனில் எலீட் என்கிற மேல் பிரிவின் நாலு குரூப்பையும், குரூப்புக்கு எட்டு அணி, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சாக்பீஸில் எழுதிவிடுவார் கடைக்கார அண்ணா. பலகையின் மூலையில் புள்ளிக் கணக்கு அழியாமல் நிற்கும்: ஜெயித்தால் 6, இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ பத்து விக்கெட்டிலோ ஜெயித்தால் 7, டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை எடுத்தவனுக்கு 3, மற்றவனுக்கு 1. புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் படித்த பிறகுதான் டீ வரும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அப்படித்தான் நடந்தது.

இந்த ஊரில் இந்தச் சண்டை சூடாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் கர்நாடகா, இன்னொரு பக்கம் ஆந்திரா. தினமும் பெங்களூருக்கு ஓட்டுகிற, கர்நாடகா பக்கம் பேசுகிற டிரைவர், மாங்கூழ் ஃபேக்டரி சூப்பர்வைசர், ரிட்டையர் ஆன பி.டி. மாஸ்டர் ஒருவர், எல்லாரும் ஒரே பெஞ்ச். தமிழ்நாடு ரஞ்சி ஜெயித்தது இரண்டே தடவை, 1954-55, அப்புறம் 1987-88. கர்நாடகா, பழைய மைசூர் பெயரில் ஆடிய காலத்தையும் சேர்த்து, எட்டு தடவை. டிரைவர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் 2014-15 ஃபைனலில் வந்துதான் நிற்பார். வான்கடேயில் நாம் 134-க்கு ஆல் அவுட், அவர்கள் 762, கருண் நாயர் மட்டுமே 328. இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் தோல்வி. அதற்கு நம் பக்கத்தில் பதில் இல்லை, நான் தேடியும் பார்த்துவிட்டேன்.

ஆனால் 2024-25 சீசனில் அதே கர்நாடகா குரூப் சி-யைத் தாண்டவில்லை. ஹரியானாவும் கேரளாவும் மேலே போனார்கள். டிரைவருக்குத் தாங்கவில்லை. அந்தக் குரூப்பில் வங்காளம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பஞ்சாப் எல்லாம் இருந்தன. "எங்க குரூப்ல ஆடிப் பாருங்க சார், அப்ப தெரியும்" என்றார். குரூப் ஏ-யில் மும்பை கடைசி மேட்ச்சில் மேகாலயாவை இன்னிங்ஸ் மற்றும் 456 ரன்னில் அடித்தது. மேகாலயா முதல் இன்னிங்ஸில் 86. முழுசாக 7 புள்ளி, மும்பை காலிறுதிக்குப் போய்விட்டது. மேகாலயாவை அடித்த 7 புள்ளியும் கர்நாடகாவை அடித்து வாங்குகிற 7 புள்ளியும் எப்படி ஒன்றாகும் என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். பட்டியலில் எதிராளியின் பலத்துக்கு இடமே இல்லை.

மாஸ்டர் விடவில்லை. அதே குரூப் ஏ-யில் ரோஹித், ஜெய்ஸ்வால், ரஹானே, ஸ்ரேயாஸ் எல்லாரும் ஆடிய மும்பையை ஜம்மு காஷ்மீர் மும்பையிலேயே ஐந்து விக்கெட்டில் தோற்கடித்ததே, அது சும்மா குரூப்பா என்றார். காலிறுதியில் என்ன ஆனது? சி-யில் முதலிடம் பிடித்த ஹரியானாவை மும்பை 152 ரன்னில் ஜெயித்தது. "கஷ்டமான குரூப்ல முதல்ல வந்தவன் எங்கப்பா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வைத்தார் மாஸ்டர். டிரைவர் உடனே கேரளாவைக் கொண்டுவந்தார். சி-யில் இரண்டாவதாக வந்த கேரளா, ஏ-யில் முதலாவதாக வந்த ஜம்மு காஷ்மீரைக் காலிறுதியில் வெளியே அனுப்பியது, ஆனால் ஜெயித்து இல்லை. முதல் இன்னிங்ஸில் ஜம்மு காஷ்மீர் 280, கேரளா 281. ஒரே ஒரு ரன் முன்னிலை, மேட்ச் டிரா ஆனதால் அதுவே போதும்.

அப்புறம் அந்த கேரளா-குஜராத் அரையிறுதி. 2025 பிப்ரவரி 21, அகமதாபாத்தில் ஐந்தாம் நாள் காலை. கடையில் ஏழெட்டு பேர் ஒரே போனைச் சுற்றி நிற்கிறோம். கேரளா 457. குஜராத் 455, கடைசி விக்கெட். நாக்வஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு மேலே எழும்பி ஸ்லிப்பில் சச்சின் பேபி கைக்குப் போனது. இரண்டு ரன் முன்னிலை, கேரளா முதல் தடவையாக ரஞ்சி ஃபைனலில். கடைக்கார அண்ணா பாலை அடுப்பிலேயே மறந்துவிட்டார், பொங்கி வழிந்து பாய்லர் மேடையெல்லாம் கருகல் வாசனை. மாஸ்டர் மட்டும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதுதான் ஹெல்மெட், பந்து எந்தக் கோணத்தில் போயிருக்கும் என்று சாக்பீஸ் துண்டை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே குடித்த டீயை நான் மறக்கவே மாட்டேன்.

கடைசியில் கோப்பை ஏ-க்கும் இல்லை, சி-க்கும் இல்லை, குரூப் பி-யில் இருந்து வந்த விதர்பாவுக்கு. ஃபைனலும் டிராதான், முதல் இன்னிங்ஸில் விதர்பா 379, கேரளா 342. காலிறுதியில் நம்மை 198 ரன்னில் அனுப்பியதும் அவர்கள்தான், அதனால் எனக்கு அந்த முடிவில் பெரிய சந்தோஷம் இல்லை. நம் குரூப் டி பலமா பலவீனமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சௌராஷ்டிரா, டெல்லி, ரயில்வேஸ் இருந்த குரூப் அது. அடுத்த முறை அதைப் பேச வைக்காமல் விடமாட்டேன்.

குறை என்றால், பெஞ்ச் ஒன்றே ஒன்று, ஆறு பேருக்கு மேல் வந்தால் ரோட்டோரம்தான் நிற்கணும், வண்டி நிறுத்தவும் சிரமம். பெண்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி இடம் இல்லை. என் தங்கை கிரிக்கெட்டில் என்னைவிட விவரமானவள், ஒரு நாள் வந்துவிட்டு ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போனாள். பக்கத்தில் ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டால் போதும். அண்ணாவிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்.

காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடுகிறார், ஞாயிறு மதியத்துக்கு மேல் கிடையாது. மேட்ச் நாட்களில் ஆட்டம் முடிகிற நேரம் பார்த்து ஐந்தரைக்குப் போங்கள். மாஸ்டர் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.