அரசாங்க ஆஸ்பத்திரி சி கிளாஸ் வார்டு: 5க்கு 4

சிங்கப்பூர்ல அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், கட்டணம் ரொம்பக் கம்மியான சி கிளாஸ்லதான் சேத்தோம். "சி கிளாஸா, ஏசி கூட இருக்காதே"ன்னு சொந்தக்காரங்க இழுத்தாங்க. ஏசி இல்லதான், ஃபேன்தான், வரிசையா கட்டில், பக்கத்து பாட்டி ராத்திரி பூரா இருமுனதுல அம்மாவுக்குத் தூக்கமே இல்ல. ஆனா வைத்தியத்துல ஒரு குறை சொல்ல முடியாது. பிசியோ பொண்ணு சீனப் பொண்ணு, அம்மா வலி தாங்காம வாக்கர விட்டுட்டு உக்காரப் போனப்ப "மெதுவா, மெதுவா, இன்னும் ரெண்டு ஸ்டெப்"னு தமிழ்லயே சொல்லி முதுகுல கைய வச்சு ஜன்னல் வரைக்கும் நடக்க வச்சிடுச்சு.

பில்லு பாத்துதான் மூச்சே வந்துச்சு. சிட்டிசனா இருந்தா குடும்ப வருமானத்தப் பொறுத்து சி, அதுக்கு ஒரு படி மேல உள்ள பி2 வார்டுல 50லேந்து 80 சதவீதம் வரைக்கும் சப்சிடி, அதுக்கு மேல மெடிஷீல்ட் லைஃப்ங்குற அரசாங்க இன்சூரன்ஸ். 2015லேந்து அது சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) எல்லாருக்கும் உண்டு, ஏற்கனவே வியாதி இருந்தாலும் தள்ளி விடமாட்டாங்க. இது இல்லன்னா எங்கள மாதிரி குடும்பம் கடன்லதான் போய் நின்னிருக்கும்.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா மெடிசேவ், அதாவது வைத்தியச் செலவுக்குன்னு சம்பளத்துலேந்து அவங்கவங்க பேர்ல சேக்குற கணக்கு. 1984ல வந்த திட்டம், சம்பளத்துல 8லேந்து 10.5 சதவீதம் போகும், அப்ப சம்பளம் கம்மின்னா சேர்றதும் கம்மிதானே. அம்மா பாதி வாழ்க்க வீட்டு வேல, மீதி பார்ட் டைம் கிளீனிங், கணக்குல ஒண்ணுமே பெருசா இல்ல. அதனால டிடக்டிபிளும் (இன்சூரன்ஸ் குடுக்குறதுக்கு முன்ன நாம கட்ட வேண்டிய தொகை) மிச்சமும் என்னோட, தம்பியோட மெடிசேவ்லேந்துதான் போச்சு. வசதியான வீட்டுல அப்பா அம்மா காசு அவங்க கணக்குலயே இருக்கும், பிள்ளைங்க கணக்கு அப்படியே வளரும். எங்க வீட்டுல அம்மாவோட சம்பளக் குறைவு எங்க முதுமை வரைக்கும் வந்து நிக்குது. இத யாராவது சரி பண்ணணும்.

வெயிட்டிங்கும் ரொம்ப. பாலிகிளினிக் (அரசாங்க கிளினிக்) லெட்டரோட சப்சிடில போனா டாக்டர நாம தேர்ந்தெடுக்க முடியாது, அப்பாயின்ட்மென்ட்டும் மாசக்கணக்குல தள்ளிப்போச்சு, அதுவரைக்கும் அம்மா மாடிப்படி ஏற முடியாம கஷ்டப்பட்டாங்க.

ஊர்லேந்து சிங்கப்பூருக்கு வந்து வேல செய்ற தம்பிங்களுக்கு இந்த சப்சிடியே கிடையாது, முதலாளி எடுக்குற இன்சூரன்ஸ்தான். 2023 ஜூலைலேந்து அது குறைஞ்சது வருஷத்துக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவுக்கு இருக்கணும், அதுக்கு முன்ன 15,000தான்.

சேக்குறதுக்கு முன்னாடியே பில் எஸ்டிமேட் கேட்டு வாங்கிக்குங்க. கட்ட முடியாதுன்னு தோணுச்சுன்னா டிஸ்சார்ஜ் வரைக்கும் காத்திருக்காம மெடிக்கல் சோஷியல் வொர்க்கர பாக்கணும்னு நர்ஸ்கிட்ட சொல்லுங்க, சிட்டிசனுக்கு மெடிஃபண்ட்ங்குற அரசாங்க உதவி நிதி இருக்கு, கேக்க வெக்கப்படாதீங்க.